பூவரசுக்கு மாங்காட்டில் ஓர் இடம் கேட்டு

அயப்பாக்கம்,
செவ்வாய்க்கிழமை மதியம்,
கடையில் ஆள் வராத நேரம்.

மதிப்பிற்குரிய மைத்துனர் நடேசன் அவர்களுக்கு,

நாகேந்திரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை கலைவாணியும் சௌக்கியம். கடை சௌக்கியம். மகள் அகல்யா ஐதராபாத்தில் சௌக்கியம். அங்கே ஊறுகாய்தான் சாப்பாடு, சோறு தொட்டுக்கொள்ள என்கிறாள், மற்றபடி குறை இல்லை. அங்கே உங்கள் சர்க்கரையும் உங்கள் வீட்டு அக்காவின் முழங்காலும் அதனதன் அளவில் நிற்க மாங்காட்டம்மன் பார்த்துக்கொள்வாளாக. உங்கள் கிரகப்பிரவேசத்தன்று கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போனதை இப்போது சொல்லிவிடுகிறேன். வீடு இடித்த சாமான் வாங்கி விற்பவன் நான், எத்தனையோ தரை பார்த்தவன். உங்கள் கூடத்துக் கிரானைட் மாதிரி ஒரு பளபளப்பைக் கண்டதில்லை. குனிந்தால் தலையில் எத்தனை முடி மிச்சம் என்று எண்ணிவிடலாம். அன்றிலிருந்து கலைவாணி காபி டம்ளரை வைக்கும்போதெல்லாம் "எங்க அண்ணன் ஊட்டுத் தரை" என்று தொடங்கி நம் வீட்டுச் சிமெண்ட் தரையில் கொண்டுவந்து முடிக்கிறாள். பொங்கலுக்குள் நமக்கும் கிரானைட் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நிற்க.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் பார்த்தேன். நான் 'நாய்' என்று வாயெடுத்ததும் உங்களுக்கு டவர் போய்விடுகிறது. வேறு பேச்சு பேசினால் டவர் நன்றாக இருக்கிறது. கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது என்பதால் கடிதம். வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்கு வரும் கலைவாணியிடமே கொடுத்தனுப்புகிறேன். அவள் எதிரே உட்கார்ந்திருப்பாள், நீங்கள் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

உங்கள் வீட்டுப் பந்தியில், என் இலையில் பாயசம் விழுந்துகொண்டிருந்தபோது, நீங்கள் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "நாலு கால் நாயையே எவனும் சீண்ட மாட்டேங்கறான். மூணு கால் நாயை எவன் மாப்ளே எடுத்துகினு போவான்? உன் கடைல பழைய கதவோட சேந்து அதுங்களும் உளுத்துத்தான் போவும்." பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன், பாயசம்தான் இறங்கவில்லை. இப்போது எழுதுகிறேன், நன்றாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படியுங்கள்: நான்கு நாய்களில் மூன்றுக்கு வீடு கிடைத்துவிட்டது. மூன்றும் உளுத்துப் போகவில்லை. மூன்றும் கொழுத்துப் போயிருக்கின்றன.

நாய் வந்த கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். அகல்யா அம்பத்தூரில் வேலை பார்த்தபோது ஆபீஸ் போகிற வழியில் அடிபட்டுக் கிடக்கிற நாய்களை எல்லாம் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாள். அதில் நான்குக்கு ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. காலை எடுத்த நாயைத் திரும்பத் தெருவில் விட முடியாது, மற்ற நாய்கள் வாழவிடாது. அதனால் நம் கடைக்குப் பின்னால், கதவு அடுக்கும் கொட்டகையில் கொண்டுவந்து விட்டாள். அப்புறம் கம்பெனி அவளை ஐதராபாத்துக்கு மாற்றியது. "ரெண்டு மாசம் பாத்துக்கோப்பா" என்று கிளம்பிவிட்டாள். ஊர் மாறிப் போகிற பெண்கள் வீட்டில் தலையணை, பழைய புத்தகம் இப்படி எதையாவது விட்டுப் போவார்கள். என் மகள் பன்னிரண்டு காலை விட்டுப் போனாள். கலைவாணி அன்றே கோடு போட்டுவிட்டாள்: "கடை உங்க ராஜ்ஜியம். இந்த நெலப்படிக்கு இந்தாண்ட ஒரு நாய் மூக்கு வந்துச்சுன்னா நான் எங்க அண்ணன் ஊட்டுக்குப் போயிடுவேன்." அகல்யா வைத்திருந்த இங்கிலீஷ் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. தேக்கு, பலா, வேம்பு, பூவரசு என்று மரம் பார்த்துப் பெயர் மாற்றினேன். என் கொட்டகையில் எதுவும் பெயர் தெரியாத மரமாகக் கிடந்ததில்லை.

இதற்குள் கடை இருக்கிற இடத்துக்காரர் நிலத்தை அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். தைக்குள் கடையை வேலப்பன்சாவடிக்கு, பூந்தமல்லி ஹைரோட்டு மேலேயே, மாற்றுகிறேன். வியாபாரத்துக்கு அருமையான இடம். ஆனால் ராத்திரி பகலாக லாரி. லாரியில் காலை விட்ட நாய்களை லாரி ஓடுகிற வாசலில் கட்டிப்போடுவது மனுஷன் செய்கிற காரியமா, சொல்லுங்கள். அதனால்தான் தைக்கு முன்னால் நாலுக்கும் வீடு பார்த்தே தீருவது என்று வேட்டியை மடித்துக் கட்டினேன்.

அகல்யா முதலில் போட்டிருந்த விளம்பரங்களில் ஒரு சிக்கல். இருக்கிற கால்கள் மட்டும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் நிற்க வைத்துப் படம் பிடித்திருந்தாள். படத்தைப் பார்த்து ஆசையாக வந்தவர்கள், நாய் எழுந்து திரும்பியதும், "ஓ..." என்று ஒரு இழுப்பு இழுத்து, மாமியாரைக் கேட்டுவிட்டு வருகிறோம் என்று போனார்கள். கல்யாணமே ஆகாத பையன்கூட மாமியாரைக் கேட்கப் போனான். நம் தொழிலில் நான் கண்ட பாடம் ஒன்று உண்டு. தேக்குக் கதவில் வெடிப்பு இருந்தால் அந்தப் பக்கத்தை வாங்குகிறவன் பார்க்கத் திருப்பி வை. 'சார், இங்க வெடிச்சிகீது, பாத்துக்கோங்க' என்று நீயே விரலை வை. வெடிப்பை அவனாகக் கண்டுபிடித்தால் நான் திருடன். நானே காட்டினால் அவனுக்கு நான் உறவுக்காரன். மீன்பாடி வண்டியில் கதவு ஏற்றி மிதித்த நாளிலிருந்து இப்படித்தான் விற்று இரண்டு மாடி கட்டினேன். (அந்த வண்டிக்கும் மூன்று சக்கரம்தான். யாரும் ஒன்று குறைகிறது என்று சொல்லவில்லை.) ஆகவே காலில்லாத பக்கத்தை முன்னால் காட்டி நானே படம் எடுத்து, கீழே இப்படி எழுதினேன்: 'பெயர் பலா. வயது இரண்டு இருக்கும். மூன்று கால். நாலாவது வராது. குழந்தைகளிடம் நல்லது. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போகும். இஷ்டப்பட்டவர் கடைக்கு வரவும். இரக்கப்படுபவர் வர வேண்டாம்.'

அகல்யா போனில் குதித்தாள். "அப்பா, பழைய ஜன்னலுக்கு போர்டு வெச்ச மாரி கீது!"

"அந்த ஜன்னல் வித்துச்சா இல்லியா?"

வந்தார்கள், மச்சான். வரிசையாக வந்தார்கள். ஆனால் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடவில்லை. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், தரை வழுக்குமா, ஊருக்குப் போனால் நாயை யாரிடம் விடுவீர்கள் என்று அகல்யா வீடியோவில் வந்து கேட்கிற கேள்விகளில் பாதிப்பேர் கழன்றுகொண்டார்கள். குடோன் காவலுக்குச் சங்கிலியில் போட ஒரு நாய் தேடி வந்தவரை அவள் தெலுங்கிலும் சேர்த்துத் திட்டினாள். நான்கு மாதத்தில் நன்றாகக் கற்றிருக்கிறாள்.

முதலில் போனவன் தேக்கு. திருவேற்காட்டில் தண்ணீர் கேன் போடுகிற வெங்கட் என்பவர் வந்தார். தேக்கைச் சுற்றி வந்து, பல்லைப் பார்த்து, காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"அண்ணாத்தே, இன்னா வெல?"

"வெலயே கெடயாது. சும்மா."

"சரி. ஒரு கால் கம்மியா கீதே, அதுக்கு இன்னா தள்ளுவ?"

"யோவ், சும்மா குடுக்கறதுல இன்னாத்தய்யா தள்றது?"

"முழு நாய் சும்மான்னா, முக்கா நாய்க்கு நீ எதுனா மேல போட்டுத்தானே குடுக்கணும்? நாயத்தைப் பேசு."

வாழ்நாளில் இப்படி ஒரு பேரத்தை நான் கேட்டதில்லை. ஆனால் மனசுக்குள் கும்பிட்டேன். "சூப்பர் அங்கிள், சோ க்யூட்" என்றவன் எவனும் திரும்பி வந்ததில்லை. பேரம் பேசுகிறவனுக்குத்தான் சரக்கு நிஜமாக வேண்டும். தேக்கின் தட்டு, கழுத்துப் பட்டை, அரை மூட்டை நொய் அரிசி என்று ஒவ்வொன்றாக இறங்கி வந்தேன். வெங்கட் இரண்டு தடவை வண்டிவரை போய்த் திரும்பினார். கடைசியில் நான் உட்கார்ந்திருந்த கோணிச் சாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டார், அதில்தான் அது படுக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இப்போது கேன் ஏற்றும் லோடு ஆட்டோவில் முன்சீட்டு தேக்குக்கு. அந்தத் தெருக்களில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லையாம், தேக்கு வந்துட்டான் என்றுதான் குடத்தை எடுக்கிறார்களாம்.

அடுத்து பலா. ஐயப்பன்தாங்கலில் பஸ் டெப்போ பக்கம் ஒரு அடுக்குமாடி, அதில் நாலாவது மாடி. பிரசன்னா, ரோஷினி என்று இளம் தம்பதி, இரண்டு பேரும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. தங்கமான பிள்ளைகள். டைல்ஸ் தரையில் மூன்று கால் வழுக்கும் என்று அகல்யா சொன்னதும் வீடு முழுக்கத் தேங்காய் நார் விரிப்பு போட்டுவிட்டார்கள். நான் பலாவைக் கொண்டுபோய் விடப் போன அன்று லிஃப்ட் வாசலில் சங்கச் செயலாளர் ஜெயராமன் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"நாய் லிஃப்ட்ல ஏறக்கூடாது. அசோசியேஷன் ரூல்."

"சரிங்க சார், படியில போறோம்."

"நாலாவது மாடி. மூணு கால். போங்க, பாக்கறேன்" என்று பின்னாலேயே வந்தார். பலாவுக்கு இல்லாதது பின்னங்கால், ஏறுவதுதான் சிரமம். உடம்பை ஒரு எத்து எத்தி ஒவ்வொரு படியாக ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் நின்று, நாங்கள் வருகிறோமா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மேலே போனது. இரண்டாவது மாடியில் நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். ஜெயராமன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார், மூச்சு கொல்லன் பட்டறை மாதிரி வருகிறது. அதற்குள் நாலாவது மாடியைத் தொட்டுவிட்ட பலா, எங்களைக் காணோமே என்று குதித்துக் குதித்து இறங்கி வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலில் தாடையை வைத்தது.

"நீங்க எந்த மாடி சார்?" என்றேன்.

"கிரவுண்ட் ஃப்ளோர்."

"அப்பறம் ஏன் சார் ஏறுனீங்க?"

"ரூலை யாராவது ஃபாலோ பண்ணணும் இல்லியா?"

மிச்ச இரண்டு மாடியும் நானும் செயலாளரும் நாயும் லிஃப்டில் போனோம். இப்போது காலையில் பலாவை லிஃப்டில் கீழே கூட்டி வருவதே ஜெயராமன்தான். ரூலை மாற்றினாரா என்று ரோஷினியைக் கேட்டேன். "இல்ல அங்கிள், ரூல் இருக்கு. பலாவோட இருக்கறப்போ அவருக்கு ஞாபகம் வராது" என்றாள்.

மூன்றாவது வேம்பு. இதில் நானே கொஞ்சம் சொதப்பினேன், மறைக்கவில்லை. படையில் இருந்து ஓய்வு பெற்ற லட்சுமணன் என்பவர் ஆவடியிலிருந்து வந்தார். மனைவி காலமாகி, தனியாக இருக்கிறார். வேம்பின் முன்னால் விறைப்பாக நின்றார், வேம்பும் விறைப்பாக உட்கார்ந்தது. "எடுத்துக்கறேன்" என்றார். இரண்டு சொல்லுக்கு மேல் பேசாத மனுஷனைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது? நம் குடும்பத்தில் பெண் கொடுக்கும் முன் என்ன செய்வோமோ அதையே செய்தேன். வெள்ளை வேட்டி சட்டையில் அவர் தெருவுக்குப் போய், முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அஞ்சலையிடம் மெதுவாக விசாரித்தேன்.

"லட்சுமணன் சார் ஆளு எப்படிம்மா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"ஒரு நல்ல விசயமாத்தான். குடி கிடி உண்டா?"

"சேச்சே. மோரு குடிப்பாரு. அதுவும் உப்பு இல்லாம."

"கோவம்?"

"சட்டைல மடிப்பு கோணினா மூஞ்சி ஒரு மாரி ஆவும். வாய் தொறக்க மாட்டாரு."

"ஊட்ல வேற யாரு?"

"யாரு கீறாங்க? அந்தம்மா போனதுக்கு அப்பால பேச்சுத் தொணைக்குக்கூட ஆள் இல்ல. செய்யுங்க நைனா, புண்ணியமாப் போவும். உங்க பக்கம் இன்னா மாரி?"

இங்கேதான் தொழில் பழக்கம் குறுக்கே வந்தது. வெடிப்பைக் காட்டாமல் இருக்க முடியுமா என்னால்? "எங்க பக்கம் ஒரு கொறை கீதும்மா, மொதல்லயே சொல்லிட்றேன். ஒரு கால் கெடயாது. லாரி ஏறிடுச்சு."

"அய்யோ பாவம். இருந்தா இன்னா, கொணம்தானே முக்கியம். சமைக்குமா?"

கிண்டல் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். "சமைக்காது. போட்டதைச் சாப்புடும், எதுத்துப் பேசாது" என்று நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

அவள் சிரிக்கவில்லை, மச்சான். இஸ்திரித் துணியோடு சேர்ந்து செய்தியும் வீடு வீடாகப் போயிருக்கிறது. தெருக்காரர்கள் லட்சுமணன் வாசலுக்குப் போய், "கேள்விப்பட்டோம் சார், ரொம்ப சந்தோஷம்" என்றிருக்கிறார்கள். அவர் நாயைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, "நன்றி. ஞாயிற்றுக்கிழமை வருது" என்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் லோடு ஆட்டோவில் போய் இறங்குகிறேன், தெருவே பட்டுப்புடவையில் நிற்கிறது. வாசலில் கோலம். அஞ்சலை ஆரத்தித் தட்டோடு முன்னால் நிற்கிறாள். வண்டிக்குள் எட்டிப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள், மறுபடி வண்டிக்குள் பார்க்கிறார்கள். வேம்பு எல்லாரையும் பார்த்து ஒரு குரல் குரைத்துவிட்டுக் கீழே குதித்தது.

"பொண்ணு எங்கய்யா?" என்றாள் அஞ்சலை.

"எந்தப் பொண்ணு?" என்றேன் நான்.

லட்சுமணன் முகத்தை நான் அப்போது பார்க்கவில்லை, பார்க்கிற தைரியம் இல்லை. அஞ்சலைதான் முதலில் தேறினாள். "கரைச்சது கரைச்சாச்சு, கீழ கொட்டவா முடியும்? சார், இப்படி வந்து அது பக்கத்துல நில்லுங்க" என்று இரண்டு பேருக்கும் சேர்த்துச் சுற்றி, வேம்பின் நெற்றியில் பொட்டும் வைத்தாள். பல வருஷத்துக்கு அப்புறம் சார் சிரிச்சதைப் பார்த்தோம் என்று தெருவில் சொன்னார்கள். தினமும் காலையில் மைதானத்தில் இருவரும் நடக்கிறார்கள். முதல் வாரம் "லெஃப்ட், ரைட்" போட்டுப் பார்த்தாராம், வேம்புக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. இப்போது "ஒன், டூ, த்ரீ" என்று போடுகிறார். அவரும் அந்தக் கணக்குக்கே நடக்கிறார். ஆவடியில் போய்ப் பாருங்கள், அந்த ஒரு காட்சிக்காகவே நான் இரண்டு தடவை போய்விட்டு வந்தேன்.

இனி மிச்சம் பூவரசு. அவளைப் பற்றி எழுதத்தான் இத்தனையும் எழுதினேன்.

குறையை முதலில் சொல்கிறேன். பூவரசுக்கு வயதாகிவிட்டது, மூக்கைச் சுற்றி நரை. இல்லாதது முன்னங்கால், இடது. அம்பத்தூர் வளைவில் லாரி. ஆகவே இறங்குகிற படி ஆகாது, தரைத்தளம்தான் வேண்டும். வருகிறவர்களின் செருப்பில் ஒன்றை மட்டும் எடுத்துப்போய் வைத்துக்கொள்வாள். கடிக்க மாட்டாள், தலைக்கு வைத்துப் படுப்பாள். போன மாதம் நீங்கள் கடைக்கு வந்தபோது காணாமல் போய், தெருப்பையன்களை எல்லாம் சந்தேகப்பட்டீர்களே, அந்த ஒற்றைச் செருப்பு அவளிடம்தான் இருக்கிறது. அப்புறம் ஏர்ஹாரன். ஹாரன் சத்தம் கேட்டால் நடுங்கிக்கொண்டு கதவு அடுக்குக்கு அடியில் போய்விடுவாள். கூப்பிட்டால் வர மாட்டாள், பிஸ்கட் காட்டினாலும் வர மாட்டாள். பொந்து இருக்கிறதா என்று மரத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பேன் இல்லையா, அந்த மாதிரி மேலே இருக்கிற கதவை டொக் டொக்கென்று தட்டினால் மெதுவாக மூக்கை நீட்டுவாள். நாள் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கிடந்தவள், அது கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்கிறாள் போலிருக்கிறது. உங்கள் வீட்டில் எல்லாம் கல்லும் கண்ணாடியும். தட்டுவதற்கு என் செலவில் ஒரு தேக்குக் கதவு அனுப்புகிறேன். வெடிப்பு இல்லாதது.

ஆமாம், உங்கள் வீடுதான். முகத்தைச் சுளிக்காதீர்கள், கலைவாணி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அகல்யாவின் கேள்விகளுக்கு உங்கள் சார்பில் நானே பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். தரைத்தளம். சுற்றுச்சுவர். உள் தெரு, லாரி கிடையாது. பகல் முழுக்க நீங்களும் அக்காவும் வீட்டில்தான். விசாரிக்காமல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை என்பதால் உங்களையும் விசாரித்தேன். போன வாரம் மாங்காடு வந்து உங்கள் தெருமுனை டீக்கடையில் கேட்டேன். கடைக்காரர் சொன்னது: "நடேசன் சாரா? நாயைக் கண்டா கல்லு எடுப்பாரு. எறிய மாட்டாரு. காலைல வாக்கிங் வரப்போ ரெண்டு பன்னு வாங்குவாரு. ஒண்ணு அந்தக் கறுப்பு நாய்க்கு, ஒண்ணு அவருக்கு. சர்க்கரை கீதாமே, ஊட்ல சொல்லிடாதீங்க."

நான் சொல்ல மாட்டேன். அக்காவிடம் எதையும் சொல்லி வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை, நீங்கள் ஒத்துழைத்தால்.

என் கடைச்சுவரில் பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், விற்ற சரக்கு எக்காரணம் கொண்டும் திரும்ப எடுக்கப்படாது என்று. கடை ஆரம்பித்ததிலிருந்து அதை மீறியதில்லை. பூவரசு விஷயத்தில் மீறுகிறேன்: வேண்டாம் என்று தோன்றுகிற நிமிஷம் ஒரு போன் போடுங்கள், நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். காரணம் கேட்க மாட்டேன். அவள் மறுபடி எந்தத் தெருவிலும் போக இடம் தெரியாமல் நிற்கக்கூடாது, அவ்வளவுதான். நான் நாய்ப் பாசத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். நான் வியாபாரி. நல்ல சரக்கு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அதில்தான் என் கௌரவம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியோடு வருகிறேன். ஆரத்தி வேண்டாம்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். உங்கள் கிரானைட் என்றைக்கும் கீறல் விழாமல் மின்ன, நீங்கள் இருவரும் நீண்ட நாள் அதன் மேல் நடமாட, அம்மனை வேண்டிக்கொள்ளும்

உங்கள் தங்கை கணவன்,
நாகேந்திரன்.

பின்குறிப்பு: மேலே எழுதிய அனைத்தையும் ரத்து செய்துகொள்ளவும். கவரை ஒட்டக் கோந்து தேடிய நேரத்தில் கலைவாணி கடிதத்தை எடுத்து முழுக்கப் படித்துவிட்டாள். பன்னு விஷயம் வரை வாயைப் பொத்திச் சிரித்தவள், கடைசியில் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இன்னாங்க, டைல்ஸு வழுக்கும்னு அந்தப் புள்ளைங்களை ஊடு பூரா நாரு விரிக்க வெச்சிட்டு, எங்க அண்ணன் ஊட்டுக்கு அனுப்புறீங்களா? கிரகப்பிரவேசத்துல நானே ரெண்டு தபா வழுக்கினேன். சாம்பார் வாளியோட சமையல்காரர் கூடத்துக்கு இந்தக் கோடில கால் வெச்சவரு அந்தக் கோடிலதான் நின்னாரு. அதுல இந்தக் கெழவி முன்னங்கால் இல்லாம இன்னா பண்ணும்?"

"விரிப்பு போடச் சொல்றேன்."

"எங்க அண்ணியா? அந்தக் கல்லு மேல ஒரு ஈ உக்காந்தாலே துணி எடுத்துகினு வருவாங்க."

ஆகவே மச்சான், மிகுந்த வருத்தத்துடன் தெரிவிப்பது: நீங்கள் தேறவில்லை. கேட்டது நான்தான், நீங்கள் கேட்கவே இல்லை, இருந்தாலும் தேறவில்லை. தரையில் போய்விட்டது. "அப்போ எங்கதான் போவும்?" என்று நான் கேட்டதற்கு உங்கள் தங்கை நம் வீட்டுக் கூடத்தைக் காலால் ஒரு தேய்ப்பு தேய்த்துக் காட்டினாள். "ஏன், இதுக்கு இன்னா கேடு? சொரசொரன்னு கீது. ஏழு ஜென்மத்துக்கு வழுக்காது. கிரானைட்டும் வாணாம் ஒண்ணும் வாணாம்." இருபது வருஷமாக நான் திட்டு வாங்கிய தரை, மச்சான். அந்தத் தரைக்கு இன்றைக்குத்தான் மதிப்பு வந்தது. கிரானைட் செலவும் மிச்சம். நான்கில் நான்கும் போய்விட்டது என்று எல்லாரிடமும் சொல்லுங்கள், குறிப்பாக அந்தப் பந்தியில் சிரித்தவர்களிடம்.

பூவரசு இப்போது நம் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கிறாள். உங்கள் செருப்பைக் கலைவாணியிடம் கொடுத்தனுப்பலாம் என்று உருவிப் பார்த்தேன், தலையை எடுக்க மாட்டேன் என்கிறாள். ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? வெள்ளிக்கிழமை இன்னொன்றையும் கலைவாணியிடம் கொடுத்துவிடுங்கள்.